மூன்று எண்களுக்குள் அடங்காத நல்லூர்

1444ஆம் ஆண்டு நவம்பர் 11ஆம் திகதி. ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4’ என்ற கணினி விளையாட்டில் உலகம் அன்றுதான் தொடங்குகிறது. சுவீடனின் பரடொக்ஸ் நிறுவனம் 2013இல் வெளியிட்ட வரலாற்று வியூக விளையாட்டு இது. ஒரு நாட்டைத் தெரிவுசெய்து, போர், வணிகம், திருமணம், மதம் என்று எல்லாவற்றையும் கவனித்து, 1821 வரை அதை நடத்திக்கொண்டு போகலாம். திரையில் இலங்கைத் தீவு சில துண்டுகளாக வெட்டப்பட்டிருக்கும். வடக்கு நுனியில் இருக்கும் சிறு துண்டுதான் நம்முடைய யாழ்ப்பாணக் குடாநாடு.

நிஜத்தில் அந்த நாளில் யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூரில் கனகசூரிய சிங்கையாரியன் அரசனாக இருந்தான். ஆறு வருடத்தில் கோட்டே அரசனின் வளர்ப்பு மகன் சப்புமல் குமாரயன், நாம் செண்பகப்பெருமாள் என்று சொல்பவன், படையோடு வந்து அவனைத் துரத்தினான். கடல் கடந்து ஓடிய கனகசூரியன் 1467இல் திரும்பி வந்து நாட்டை மீட்டான். பதினேழு வருடம் நாடிழந்து திரிந்தும் ஒரு மனிதன் அரசனாகவே நினைக்கப்பட்டிருக்கிறான், ஆட்களைத் திரட்டியிருக்கிறான், வென்றிருக்கிறான். விளையாட்டில் இப்படியொன்று நடக்க வழியில்லை. நிலம் பறிபோன கணத்தில் அரசன் என்ற ஆளும் கணக்கிலிருந்து போய்விடுகிறான்.

அவன் இருக்கும்வரை என்னவாக இருக்கிறான்? மூன்று எண்களாக. நிர்வாகம், இராஜதந்திரம், படை ஆகிய மூன்றுக்கும் பூச்சியத்திலிருந்து ஆறு வரை ஒவ்வோர் எண். மாதந்தோறும் அடிப்படையாக மூன்று புள்ளி, அதனுடன் அரசனின் எண்ணும் சேர்ந்து நாட்டின் கையிருப்பில் விழும். தொழில்நுட்பத்தில் ஒரு படி ஏற அடிப்படை விலை 600 புள்ளி. ஆலோசகர்களை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், ஆறு என்ற எண்ணோடு பிறந்த அரசன் ஐந்தரை வருடத்தில் ஒரு படி ஏறிவிடுவான். பூச்சியத்தோடு பிறந்தவனுக்கு 200 மாதம், அதாவது பதினாறு வருடத்துக்கும் மேல். பட்டத்து இளவரசன் பிறக்கும்போதே அந்த எண்களும் குலுக்கிப் போடப்பட்டுவிடும். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் குணத்தை வைத்து, ஊரில் உள்ள தச்சனும் கொல்லனும் இன்னும் எத்தனை வருடம் பின்தங்கியிருப்பார்கள் என்பது முடிவாகிறது.

இந்த வகை விளையாட்டுகளின் இரண்டு பெரிய குறைகளும் இங்கே ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. மனிதர்களைக் காட்டும் முறை ஒன்று, தொழில்நுட்பத்தைக் காட்டும் முறை மற்றது. இரண்டும் எங்கோ தூரத்து நாடுகளின் வசதிக்காக உருவானவை. யாழ்ப்பாண அரசு போன்ற ஒரு சிறிய கடலோர நாட்டின் மேல் அவற்றைப் போர்த்தும்போது எவ்வளவு கிழிகிறது என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

ஆளுக்கு எண் கொடுக்கும் பழக்கத்தைப் பரப்பியதில் ஜப்பானின் கோயி நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1985இல் அது வெளியிட்ட சீன மூவரசர் காலத்து விளையாட்டில் ஒவ்வொரு தளபதிக்கும் போர்த்திறன், அறிவு என்று மதிப்பெண் இருந்தது. தொழில்நுட்பத்தை மரம்போலக் கிளைவிடும் படிகளாக அடுக்கியது 1980இல் பிரித்தானியர் பிரான்சிஸ் டிரெஷம் வடிவமைத்த ‘சிவிலைசேஷன்’ பலகை விளையாட்டு. 1991இல் சிட் மையர் அதே பெயரில் கணினி விளையாட்டைச் செய்தபோது அந்த மரம் உலகமெங்கும் வேரோடியது. ஒன்றைக் கற்றால்தான் அடுத்தது திறக்கும்; கற்றது ஒருநாளும் மறக்காது. இந்த இரண்டு விதியும் இன்றுவரை பெரிதாக மாறவில்லை.

முதலில் மனிதர்கள். நல்லூர் முத்திரைச் சந்தியில் குதிரைமேல் வாளோடு நிற்கும் சங்கிலியனை எடுத்துக்கொள்வோம். அந்தப் பெயரில் இரண்டு அரசர்கள் இருந்தார்கள். முதலாம் சங்கிலி 1519 முதல் 1561 வரை ஆண்டதாக வரலாற்று நூல்கள் குறிக்கும். 1543இல் போர்த்துக்கேய ஆளுநர் மார்ட்டிம் அபொன்சோ டி சூசா கப்பல்களோடு வந்தபோது அவன் சண்டைக்குப் போகவில்லை. திறை கட்டச் சம்மதித்து அனுப்பிவைத்தான். அடுத்த வருடமே மன்னாரில், பிரான்சிஸ் சேவியரின் பணியால் மதம் மாறியவர்களில் ஏறக்குறைய 600 பேரைக் கொல்வித்தான். 1560இல் கொன்ஸ்தந்தினோ டி பிரகன்சா பெரும்படையோடு வந்து நல்லூரைப் பிடித்தபோது வன்னிப் பக்கம் பின்வாங்கினான். உடன்படிக்கை செய்தான். பிறகு மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். போர்த்துக்கேயர் குடாநாட்டை விட்டு மன்னாரோடு நின்றுகொண்டார்கள்.

இவனுக்கு என்ன எண் போடுவது? 1543ஐ மட்டும் பார்த்தால் கோழை. 1544ஐப் பார்த்தால் கொடியவன். 1560ஐப் பார்த்தால், தலைநகரை இழந்தும் நாட்டை இழக்காத சூரன். பரடொக்ஸின் இன்னொரு விளையாட்டான ‘குருசேடர் கிங்ஸ் 3’, 2020இல் வந்தது. மனிதர்களைக் காட்டுவதில் இதுதான் இன்று முன்னணியில் நிற்பது என்று தயங்காமல் சொல்லலாம். ஒவ்வொருவருக்கும் ஆறு திறன்கள். வீரம், பேராசை, இரக்கம், சினம் போன்ற குணங்கள். தன் குணத்துக்கு மாறாக நடந்தால் மன அழுத்தம். இரக்கமுள்ளவன் ஒருவனைத் தூக்கிலிட்டால் அவன் உள்ளுக்குள் உடைவதை அந்த விளையாட்டு காட்டுகிறது. இது அருமையான சிந்தனை. ஆனால் அங்கேயும் குணம் பெரும்பாலும் பிள்ளைப் பருவத்திலேயே ஒட்டப்பட்டுவிடுகிறது. செயல் அதிலிருந்து பிறக்கிறது.

மன்னாரில் நடந்ததை அப்படி விளக்க முடியாது. மதம் மாறியவர்கள் போர்த்துக்கேய அரசனின் பாதுகாப்புக்குள் போனார்கள். அவர்களோடு மன்னார்க் கடலின் சிப்பிப்பார்களும் முத்துச் சலாபத்தின் வருமானமும் கைமாறிப்போகும் நிலை. அரசின் கருவூலம் சலாபத்தை நம்பியிருந்தது. அந்தக் கொலைகளை இந்த எழுத்து எந்த விதத்திலும் நியாயப்படுத்தாது. 600 உயிர்கள் 600 உயிர்கள்தான். ஆனால் ‘கொடூரன்’ என்று ஒரு முத்திரையைக் குத்திவிட்டு நகர்ந்தால், கடலும் முத்தும் பீரங்கிக் கப்பலும் சேர்ந்து ஓர் அரசனை எந்த மூலைக்குத் தள்ளின என்பது மறைந்துவிடும்.

முத்திரையைக் குத்துவது யார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. சங்கிலியைப் பற்றிய விரிவான பழைய எழுத்து போர்த்துக்கேயருடையது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கோவாவிலிருந்து எழுதிய குவைரோஸ் பாதிரியாருக்கு அவன் கொடுங்கோலன். நம் பக்கத்து யாழ்ப்பாண வைபவமாலை மயில்வாகனப் புலவரால் 1736ஆம் ஆண்டளவில், ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளின்படி எழுதப்பட்டது. அதுவும் அவனைப் போற்றிப் பாடவில்லை. எதிரியின் ஏடும், இருநூறு வருடம் பிந்திய ஏடும்தான் கையில் உள்ளவை. அவற்றிலிருந்து ‘படைத்திறன் 4’ என்று ஓர் எண்ணை எடுக்கும்போது, அந்த எண்ணுக்குள் கோவாவின் கோபமும் சேர்ந்தே வந்து உட்கார்ந்துவிடுகிறது. சுவடியைப் படிக்கும் மாணவன் அதை எழுதியவர் யாரென்று கேட்பான். திரையில் எண்ணைப் பார்ப்பவனுக்கு அந்தக் கேள்வி எழ இடமே இல்லை.

எதிர்மன்னசிங்கனின் கதை இன்னும் நுட்பமானது. 1591இல் போர்த்துக்கேயத் தளபதி அந்திரே பூர்த்தாடோ டி மென்டொன்சா படையெடுத்து வந்து, தங்களுக்கு அடங்கி நடப்பான் என்று நம்பி அவனை அரியணையில் வைத்தான். 1617இல் இறக்கும்வரை அவன் இருந்தான். வெளிப்பார்வைக்குப் போர்த்துக்கேயரின் ஆள். ஆனால் கண்டி அரசன் விமலதர்மசூரியன் அதே போர்த்துக்கேயரை எதிர்த்து நின்றபோது, தென்னிந்தியாவிலிருந்து அவனுக்குப் போன உதவி யாழ்ப்பாணத்தின் ஊடாகவே போனது. எசமானுக்கு முகம் காட்டிக்கொண்டு, எசமானின் எதிரிக்கு வழிவிட்டவன் எதிர்மன்னசிங்கன்.

விளையாட்டின் சொற்களில் அவன் ஓர் அடங்கிய நாட்டின் அரசன். ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4’இல் அப்படிப்பட்ட நாட்டுக்குத் தனி வெளியுறவு பெரிதாகக் கிடையாது; எசமான் போருக்குப் போனால் பின்னால் போக வேண்டியதுதான். சிறிய நாடுகள் நூற்றாண்டுக்கணக்கில் உயிர்வாழ்ந்த கலையே இந்த இரட்டை நடைதான். இதற்கு விளையாட்டில் ஒரு பொத்தான்கூட இல்லை. பேரரசுகளை ஆடுவதற்காக அமைத்த அரங்கில் சிற்றரசனுக்குக் கிடைக்கும் வேடம், விழுங்கப்படக் காத்திருப்பது மட்டுமே. இது சின்னக் குறை இல்லை. ஆசிய, ஆபிரிக்கக் கரைகளில் இருந்த பெரும்பாலான அரசுகளின் வரலாறு இப்படிப்பட்டதுதான்.

1619இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா இரண்டாம் சங்கிலியைப் பிடித்துக் கோவாவுக்கு அனுப்பினான். அங்கே அவனுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அரசு முடிந்தது. சண்டை முடியவில்லை. தஞ்சாவூர் இரகுநாத நாயக்கனின் படை கடல் கடந்து வந்தது. டொம் லூயிஸ் என்று ஞானஸ்நானப் பெயர் கொண்ட மிகப்பிள்ளை ஆராச்சி அந்தப் படையோடு சேர்ந்து போர்த்துக்கேயருக்கு எதிராகக் கிளர்ந்தார். அவர் கிறிஸ்தவர். மதம் ஒன்றானால் விசுவாசம் கூடும், வேறானால் குறையும் என்று கூட்டிக் கழிக்கும் விளையாட்டுக்கு அவரை எந்தக் கட்டத்தில் வைப்பதென்று தெரியாது.

செண்பகப்பெருமாளுக்கும் அதே சிக்கல். படையெடுத்து வந்தவன், பிறகு கோட்டேக்குத் திரும்பிப் புவனேகபாகு என்ற பெயரில் அரசனானவன். நல்லூர்க் கந்தசாமி கோயிலில் திருவிழாக் காலத்தில் கட்டியம் கூறும்போது இன்றும் புவனேகபாகுவின் பெயர் ஒலிக்கிறது. அது அவனையே குறிக்கும் என்பது பல அறிஞர்களின் கருத்து. நாட்டைப் பிடித்தவனின் பெயரை ஊரே கைகூப்பி நின்று கேட்கிறது. ஒரு மாகாணத்தின் பண்பாட்டு நிறத்தை மாற்றப் புள்ளி செலவழிக்கும் முறையில் இந்த உறவு எங்கே இருக்கும்?

இனித் தொழில்நுட்பத்துக்கு வருவோம். கடலிலிருந்து தொடங்குவதே முறை. 1344இல் மொரோக்கோ நாட்டுப் பயணி இபின் பத்தூத்தா புத்தளக் கரையில் யாழ்ப்பாண அரசனான ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அரசனுக்குப் பாரசீகம் விளங்கியது. முத்துகள் குவிந்து கிடந்தன. உள்ளங்கை அளவு மாணிக்கக் கிண்ணத்தில் அகில் எண்ணெய் இருந்தது. அரசனின் கப்பல்கள் மறுகரை வரை போய்வந்துகொண்டிருந்தன. அந்த அரசின் பலம் நிலத்தில் இருந்ததைவிட நீரில் அதிகம். இந்தக் காலத்தைத் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் ‘குருசேடர் கிங்ஸ்’ இரண்டாம், மூன்றாம் பாகங்களில் கப்பல் என்பது படையை ஏற்றி இறக்கும் வாகனம் மட்டுமே. கடற்போர் கிடையாது. இந்தியாவும் இலங்கையும் 2014இல் வந்த ஒரு விரிவாக்கத்தோடு அந்தத் தொடருக்குள் நுழைந்தன, கடல் நுழையவில்லை. ஆரியச்சக்கரவர்த்தியின் கடலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சில வயலும் பனங்காடும்.

‘குருசேடர் கிங்ஸ் 3’இல் புதுமைகள் ஒரு பண்பாட்டுக்குப் பொதுவானவை. எதை அடுத்துக் கற்பது என்று அந்தப் பண்பாட்டின் மிகப் பெரிய அரசனே தீர்மானிப்பான். தமிழ்ப் பண்பாட்டுக்குச் சோழனோ பாண்டியனோ முடிவெடுக்க, நல்லூர் சும்மா இருக்கும். அவர்கள் கற்ற அன்றே இங்கேயும் அது வந்துவிடும், கொண்டுவந்த கப்பலோ சொல்லிக்கொடுத்த ஆசானோ இல்லாமல்.

கடலை விட்டு நிலத்துக்கு வந்தால், குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கல்லுக்குள் இறங்கும் மழைநீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. அளவாக இறைத்தால் நல்ல தண்ணீர். ஆசைப்பட்டு இறைத்தால் கிணறு உவராகிவிடும். இதற்கேற்ற கருவியாகத்தான் துலா இருந்தது. உயரத்தில் பூட்டிய நீண்ட மரத்தில் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து வாய்க்காலில் ஊற்றுவார். மனித உடம்பு எவ்வளவு இறைக்குமோ அவ்வளவுதான் வரும். கிணறு ஊறுவதற்கு நேரம் கிடைக்கும். அந்தத் தண்ணீரில்தான் திருவிதாங்கூர் வரை போன யாழ்ப்பாணப் புகையிலை விளைந்தது. நீர் இறைக்கும் இயந்திரம் வந்தது ‘முன்னேற்றம்’. பல கிணறுகள் உவரானதும் அதோடு வந்தது. மரத்தில் மேலே இருக்கும் படி எப்போதும் சிறந்தது என்ற விதி இந்தச் சுண்ணக்கல்லில் வந்து முட்டி நிற்கிறது.

பழைய படி செத்துவிடும் என்ற விதியும் அப்படித்தான். 1930இல் வல்வெட்டித்துறையில் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி. அமெரிக்கர் வில்லியம் ரொபின்சன் அதை விலைக்கு வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதைச் செலுத்திக்கொண்டு போய், 1938 ஓகஸ்ட் மாதம் மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். விளையாட்டுகள் பாய்க்கப்பலை 19ஆம் நூற்றாண்டோடு கரையேற்றிவிடுகின்றன. இங்கே விமான யுகத்தில் அது அத்திலாந்திக்கைத் தாண்டியிருக்கிறது, ஏனென்றால் அந்த ஊரில் அதைக் கட்டத் தெரிந்த தச்சர்களும் ஓட்டத் தெரிந்த குடும்பங்களும் இருந்தார்கள். அறிவு அவர்களுடைய கைகளில் இருந்தது. அரசனின் கணக்கில் இருக்கவில்லை.

கற்றது மறக்காது, கிடைத்தது போகாது என்ற விதியை இந்த மண்ணில் யாரும் நம்பமாட்டார்கள். 1990களில் போர்க்கால முற்றுகையில் மின்சாரமும் எரிபொருளும் இல்லாத குடாநாட்டில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, சில்லைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வானொலிக்கு மின்சாரம் எடுத்துச் செய்தி கேட்டார்கள். துளி பெற்றோலில் இயந்திரத்தைத் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். ஜாம் போத்தலில் திரி போட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். இது எந்தப் படி? மேலே ஏறியதா, கீழே இறங்கியதா? மரம் இதற்கு விடை சொல்லாது. முற்றுகையின் கீழ் மனிதர்கள் தொழில்நுட்பத்தைப் புதிதாகப் பிரித்துப் பூட்டிய அந்த அனுபவத்தை ஒரு விளையாட்டு உண்மையாகக் காட்டினால் அது உலகத்துக்கே புதிய பாடமாக இருக்கும்.

இடத்தோடு ஒட்டிய தொழில்நுட்பமும் உண்டு. தீவின் தெற்கே சமனலவெவப் பகுதியில், மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், பருவக்காற்றையே துருத்தியாக வைத்து இரும்பு உருக்கிய பழைய உலைகளைத் தொல்லியலாளர் கில் ஜுலெஃப் கண்டறிந்தார். 1996இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானது. அந்தக் காற்றும் அந்தச் சரிவும் இல்லாத இடத்தில் அந்த உலை எரியாது. ‘ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டுக்கு 2022இல் வந்த விரிவாக்கத்தில் திராவிடர் என்றொரு தரப்பு சேர்க்கப்பட்டது. அவர்கள் தமிழ் பேசுகிறார்கள், கடலில் வலுவானவர்கள், உருக்கு எஃகு அவர்களின் சிறப்புத் தொழில்நுட்பம். தமிழ்க் குரலை விளையாட்டில் கேட்டு மகிழாத பிள்ளை இருக்காது. இருந்தாலும் அந்த எஃகும் பொன் கொடுத்து வாங்கும் ஒரு பொத்தான்தான்.

அச்சுக்கலையை வைத்துப் பார்த்தால் குறை முழுவதும் தெரிந்துவிடும். ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4’ முதலில் நாடுகளை மேற்கு, இந்தியா, சீனா என்று தொகுதிகளாகப் பிரித்து, மேற்குக்கு வெளியே உள்ளவர்கள் ஒவ்வொரு படிக்கும் கூடுதல் விலை கொடுக்க வேண்டும் என்று வைத்திருந்தது. கண்டனங்கள் எழுந்தன. 2016இல் அதை நீக்கிவிட்டு மறுமலர்ச்சி, அச்சு, உலக வணிகம் என்று காலத்துக்கு ஒன்றாகப் பரவும் நிறுவனங்களைக் கொண்டுவந்தார்கள். நேர்மையான திருத்தம்தான். ஆனால் ஆடுபவர்கள் ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்தார்கள்: ஒரு மாகாணத்தின் வளர்ச்சிப் பொத்தானை விடாமல் அழுத்தினால் இத்தாலிய மறுமலர்ச்சி அங்கேயே முளைத்துவிடும். நல்லூரில்கூட.

நிஜ அச்சு எப்படி வந்தது? 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்ற நூல் அச்சாகிவிட்டது. அதை ஆக்கிய ஹென்றிக் பாதிரியார் பணிசெய்த முத்துக்குளித்துறைக் கரை மன்னாருக்கு எதிர்க்கரை. அவ்வளவு பக்கம். 1820இல் அமெரிக்க மிஷனின் அச்சாளர் ஜேம்ஸ் கரெற் யாழ்ப்பாணம் வந்தபோது, ஆட்சிப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பார்ன்ஸ் அவர் தங்குவதற்கு அனுமதி மறுத்தார். ஆள் வந்தார், தேவை இருந்தது, ஓர் உத்தரவு அவரைத் தடுத்தது. 1834இல்தான் மானிப்பாயில் அந்த மிஷனின் அச்சகம் ஓடத் தொடங்கியது. 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகை வந்தது. அந்தக் கருவியை மிஷனரிகளின் கைக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது என்று கண்ட ஆறுமுக நாவலர் 1849இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொண்டுவந்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவினார். ஓர் அதிகாரியின் பயம், ஒரு சமயப் போட்டி, ஒரு மனிதரின் வைராக்கியம். தொழில்நுட்பம் யாழ்ப்பாணத்துக்கு வந்த பாதை இது. புள்ளிகளும் விலையும் இதில் எங்கும் இல்லை.

விளையாட்டுகளைச் செய்பவர்களின் கஷ்டமும் உண்மையானது. ஆயிரக்கணக்கான ஆட்களின் மனதை ஒரே நேரத்தில் கணினி கணக்கிட வேண்டும். ஆடுபவருக்கு விளங்கவும் வேண்டும். எண் இல்லாமல் கணினி விளையாட்டு இல்லை. ஆனால் எண் பிறப்போடு வர வேண்டியதில்லை. 1543இல் கப்பல்களைக் கண்டு திறைக்குச் சம்மதித்த அரசனின் எண் 1544இல் வேறாகவும் 1560இல் இன்னும் வேறாகவும் ஆகலாம். தொழில்நுட்பத்தை நாட்டின் பெயரில் வைக்காமல் ஊரிலும் தொழில்செய்யும் மக்களிடமும் வைக்கலாம். அவர்கள் இடம்பெயர்ந்தால் அதுவும் பெயர்ந்து போகட்டும். 2025 நவம்பரில் வெளிவந்த ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 5’ ஊர்தோறும் மக்களைத் தனித்தனியாகக் கணக்கெடுக்கிறது. அரசனுக்கு எண்கள் இன்னும் உண்டு. என்றாலும் திசை நல்லது. அதன் உலகம் தொடங்கும் நாள் 1337 ஏப்ரல் 1. இபின் பத்தூத்தா வந்து இறங்க ஏழு வருடம்தான் இருக்கிறது.

பரடொக்ஸ் விளையாட்டுகளின் வரலாற்றுக் கோப்புகள் பூட்டி வைக்கப்பட்டவையும் அல்ல. சாதாரண எழுத்துக் கோப்புகள், நோட்பேடில் திறக்கலாம். ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ்’ நான்காம் பாகத்தில் ஓர் அரசன் என்பது பெயர், வம்சம், பிறந்த நாள், மூன்று எண்கள் கொண்ட சில வரிகள். அவற்றோடு, இன்ன நிலைமை வந்தால் இன்னது நடக்கும் என்று நிகழ்வுகளையும் எழுதிச் சேர்க்கலாம். உலகமெங்கும் ஆர்வலர்கள் அப்படித்தான் தங்கள் ஊர் வரலாற்றை எழுதிச் சேர்க்கிறார்கள். யாழ்ப்பாண வரலாற்றைப் பற்றிய பத்மநாதனின் ஆய்வும் இராசநாயகம் முதலியாரின் நூலும் யாழ்ப்பாணத்து நூலகங்களில் இருக்கின்றன. நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகளும் குடாநாட்டில் நிறைய. வரலாறு படிக்கும் மாணவரும் கணினி படிக்கும் மாணவரும் ஒரு மேசையில் உட்கார வேண்டும். முதலில் எழுத வேண்டிய நிகழ்வு 1591. போர்த்துக்கேயர் முடிசூட்டிய எதிர்மன்னசிங்கனுக்கு, கண்டிக்குப் போகும் படைக்கு இரகசியமாக வழிவிடலாமா என்று கேட்கும் ஒரு பெட்டி திரையில் திறக்கட்டும், இரண்டு பதில்களோடு.